இருபது நட்டுகள்

மார்ச் 3, செவ்வாய்

பதினொரு குறை. பத்தோடு நிறுத்தியிருந்தால் நான் அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கியிருக்க மாட்டேன்.

சோதனைக்கூடத்துக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். முன்பு இருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வண்டியைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், முடிந்தது. இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போகிறார். வேன் ஸ்டாண்டில் அவருக்கு டார்ச் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு குறையாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பத்து வரைக்கும் நின்றேன்.

அப்புறம் இழுவைக் கதவுக்குக் கீழே படிப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. "பாருங்கம்மா, இங்க இரும்பே இல்ல. பெயிண்ட்தான் நிக்குது" என்றார். உருவி, பக்கத்திலேயே இன்னொரு குத்து. மறுபடியும் ஒன்று. மூன்று ஓட்டை. என் வண்டியை, என் கண் முன்னால்.

என் கை முந்திக்கொண்டது. பிடுங்கினேன், அவர் எழுதுகிற அட்டையின் மேல் ஓங்கிக் குத்தினேன். ரிப்போர்ட், அட்டை, கீழே இருந்த மேசைப் பலகை எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு நின்றது. அவருடைய சுண்டுவிரல் அரை விரற்கடை தள்ளி இருந்தது. இரண்டு காவலாளிகள் என்னை இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். ஒருவனை முழங்காலுக்குக் கீழே உதைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

பத்து நிமிடம் கழித்து அவரே வெளியே வந்து, நடுவில் ஓட்டை விழுந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தார். குரலை உயர்த்தவில்லை. "பதினாலு நாள் டைம். எல்லாத்தையும் சரி பண்ணிக் கொண்டாங்க. இன்னொரு தடவை கை வச்சீங்கன்னா போலீஸ்தான்."

பதினான்கு நாளில் தேறாவிட்டால் புட்டித் தொழிற்சாலை ரூட் போய்விடும். பதினொரு பெண்கள். காலை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கொண்டுவந்து சேர்க்கிறேன். அந்த ரூட் இல்லையென்றால் இது வேன் இல்லை, தகர டப்பா.

மார்ச் 4, புதன்

ரிப்போர்ட்டை இங்கே எழுதி வைக்கிறேன், ஓட்டை பட்ட இடம் போக.

நான்கு டயரும் மொட்டை. தெரியும். முன் பிரேக்கில் இடது சக்கரம் பிடிக்கிறது, வலது சக்கரம் யோசித்துவிட்டுப் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டாலும் சரிவில் நிற்காது. நான்தான் எப்போதும் சரிவில் கல் வைக்கிறேனே. ஒரு ஹெட்லைட் ரோட்டைப் பார்க்கிறது, ஒன்று மரத்தைப் பார்க்கிறது. முன் கண்ணாடியில் விரிசல். வைப்பர் துடைக்காமல் தேய்க்கிறது. ஸ்டியரிங்கில் ஆட்டம். புகை. பின்சீட்டு பெல்ட் இரண்டு காணோம் - எங்கே போயிருக்கும், யார் பெல்ட்டைத் திருடுவார்கள்? ஹார்ன் அடித்தால் இருமுகிறது. கடைசியாகத் துரு.

"பத்து வருஷம் தாண்டின வேன் எதைப் பாத்தாலும் இதேதாம்மா. லைட்டு, டயரு, பிரேக்கு, துரு. உங்க வண்டி மட்டும் இல்ல" என்று டார்ச் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா?

வண்டிக்குப் பத்தொன்பது வயது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி இரண்டு வேன் எடுத்தார்கள். வெள்ளை எங்களுடையது, நீலம் கொழுந்தனுடையது. ஆறு வருடம் முன்னால் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு, நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கொழுந்தன்தான் கற்றுக்கொடுத்தான். ஒரு தடவைகூடத் திட்டவில்லை. நான்தான் அவனைத் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

துருவைத் தட்டி எடுத்தேன். பாதிக் கதவு கையோடு வந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

வெல்டிங் முடிந்தது. பிரேக்குக்கு உள்பாகம் எல்லாம் புதுசு. கண்ணாடி மாற்றியாயிற்று.

ஸ்டாண்டில் ஒரு சண்டை. மூன்றாம் நம்பர் வண்டிக்காரன் எல்லார் முன்னாலும், "சுத்தியல் அக்கா, இன்ஸ்பெக்டரை ஆணியடிச்சு மாட்டிட்டீங்களாமே" என்று சிரித்தான். நாலு வருடம் முன்னால் என்னை முறைத்துக்கொண்டு குறுக்கே வண்டியை நிறுத்தியவனின் முன் கண்ணாடியை நான் சுத்தியலால் உடைத்ததிலிருந்து எனக்கு அந்தப் பெயர். மூன்றாம் நம்பர்க்காரனைச் சட்டைக் காலரைப் பிடித்து அவன் வண்டிக் கதவோடு சேர்த்துச் சாத்தினேன். மூக்கில் ரத்தம் வந்தது. அதற்கு மேலும் கையை ஓங்கினேன். கொழுந்தன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க அண்ணி. வெறும் வாய்தானே."

வெறும் வாய்தான். எனக்கு மட்டும் ஏன் அப்படி இருப்பதில்லை?

மார்ச் 13, வெள்ளி

டயர் மட்டும்தான் பாக்கி. அதற்குச் சோதனை செட் இருக்கிறது.

இதை எழுதி வைத்ததில்லை, எழுதினால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் ரிம்மோடு நான்கு நல்ல டயர் தொங்குகிறது. பதினேழு வண்டிக்கும் பொது. சோதனைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் மாட்டிக்கொண்டு போவோம், வந்ததும் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொடுப்போம். அந்த டயர்கள் மொத்தமாக நூறு மைல் ஓடியிருந்தால் அதிகம். வருடத்துக்குப் பதினேழு முறை தேறுகின்றன.

இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். செட்டை வாங்கிக்கொள்ள வருகிறவர்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், பழைய சக்கரத்தை எடுத்து மாட்டி நட்டை விரலால் திருகி விட வேண்டும், அவ்வளவுதான். ஸ்பேனர் போட்டு இறுக்குவது வண்டிக்குச் சொந்தக்காரர் கை. ஒருவர் வண்டி நட்டை இன்னொருவர் இறுக்கக் கூடாது. என்றைக்காவது ஏதாவது ஆகிவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமே, அதற்காக யாரோ ஆரம்பித்தது. சக்கரத்துக்கு ஐந்து, மொத்தம் இருபது நட்டு. இறுக்கிவிட்டு வாய்விட்டு எண்ணுவோம்.

எனக்குத் திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை கொழுந்தனுக்கு.

மார்ச் 16, திங்கள்

தேறியது.

டார்ச் வண்டியைச் சுற்றி வந்தார், அடியில் போனார், பிரேக்கை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தார். டயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டார். மேசையில் என் குத்து விழுந்த ஓட்டை அப்படியே இருந்தது.

சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். கோபத்தில் எழுதுகிறேன்.

ஸ்டாண்டுக்கு வந்தேன். கொழுந்தன் காத்திருந்தான். நாளைக் காலை அவனுக்குச் சோதனை. செட்டைக் கழற்றினான், என் பழைய சக்கரங்களை மாட்டினான், நட்டை விரலால் திருகிவிட்டு ஜாக்கியை இறக்கினான். நான் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து, முன் இடது சக்கரத்தில் குனிந்து முதல் நட்டில் மாட்டினேன். அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அண்ணி, ஒரு விஷயம். பேக்டரி மேனேஜர் போன வாரம் கூப்பிட்டாரு. உங்க வண்டி தேறலைன்னா ரூட்டை எடுத்துக்கறியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னு சொன்னேன்."

நான் தேற வேண்டும் என்று துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். என் மணிக்கட்டைப் பிடித்து 'விடுங்க அண்ணி' என்றவன், என் முதுகுக்குப் பின்னால் சரி என்று சொல்லியிருக்கிறான். "வெளி ஆளு யாரும் எடுத்துடக் கூடாதேன்னுதான் அண்ணி" என்று என்னமோ ஆரம்பித்தான். ஸ்பேனரை உருவி அவன் தலைக்குக் குறிவைத்து எறிந்தேன். காதைக் கிழித்துக்கொண்டு போய்ப் பின்னால் இருக்கிற சாக்கடையில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் போயிருந்தால் கபாலம் பிளந்திருக்கும். பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் அப்போது தோன்றியது. இப்போதும்.

"இனிமே என் வாசல் மிதிச்சே, காலை ஒடிச்சிடுவேன்." சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன், கதவை அறைந்து சாத்தினேன், வந்துவிட்டேன்.

சாயங்காலம் மூன்று முறை போன் அடித்தான். எடுக்கவில்லை. கெஞ்சட்டும். அப்புறம் போனில் பேசிப் பதிவு பண்ணி ஒன்று அனுப்பியிருந்தான். கேட்காமலே அழித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

சக்கரம் கழன்றது.

முன்சீட்டு அக்கா. முகம் முழுக்க.

எழுத முடியவில்லை.

மார்ச் 18, புதன்

எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை பதினொரு பேரும் ஏறினார்கள். முன்சீட்டில் எப்போதும் போல அந்த அக்கா. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, முன்சீட்டு அக்கா என்றால்தான் தெரியும். தொழிற்சாலையில் விரிசல் விழுந்த புட்டிகளைப் பொறுக்கி எடுக்கிற வேலை. இருபது வருடமாக விரிசலைப் பார்த்துப் பார்த்து, எதிலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். ஏறி ஐந்து நிமிடத்தில், "ஏதோ டக்கு டக்குன்னு சத்தம் வருதே" என்றார்.

"மொட்டை டயரு அப்படித்தான் பாடும்" என்றேன். ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். கொழுந்தன் மேல் இருந்த கோபம் இறங்கவே இல்லை.

பாலத்தை விட்டு இறங்குகிற சரிவு. ஸ்டியரிங் கையை உதறியது. முன் இடது சக்கரம் எங்களை முந்திக்கொண்டு ரோட்டில் தனியாக ஓடியதைப் பார்த்தேன். நம் சக்கரம் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. அதற்குள் வண்டி மூக்கால் தார் ரோட்டை உழுதது, பாலத்துச் சுவரில் இடதுபுறமாக மோதியது, அப்படியே தேய்த்துக்கொண்டு போயிற்று. எத்தனை தூரம்? கதவு உள்ளே வந்தது. கண்ணாடி உள்ளே வந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. பின்னால் ஒருத்திக்குக் கை, ஒருத்திக்கு விலா. முன்சீட்டு அக்காவுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. இடது கண் இருக்கிறதா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அவரை வெளியே இழுத்தபோது என் ரவிக்கை நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது.

ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்கி, "நட்டை யாரு அக்கா கழட்டினது?" என்று கேட்டாள். யார் கழற்றியது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ரூட் யாருக்கு வேண்டும்? முந்தின நாள் என் சக்கரத்தில் கடைசியாகக் கை வைத்தவன் யார்?

ஆஸ்பத்திரியில் எல்லாரையும் சேர்த்துவிட்டு மத்தியானம் நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். அவன் சோதனையில் தேறிவிட்டு வந்து, செட்டுக்கு அடுத்த ஆள் இல்லாததால் தன் சக்கரத்தைத் தானே மாட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தான். என் மேல் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். முகம் வெளுத்தது. அதுவே போதும் என்று நினைத்தேன், குற்றம் செய்தவன் முகம்.

"அண்ணி, ஸ்பேனர்..." என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஸ்பேனரா? உனக்கு உன் காதுதான் பெரிசா? கீழே கிடந்த ஜாக்கி ராடை எடுத்தேன். அவன் வலது கை ரிம் மேல் விரிந்திருந்தது. ஓங்கி ஒன்று. எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது, இரும்பு சத்தத்தையும் மீறி. அவன் கையை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லையோ என்னமோ. இன்னொன்று. மூன்று பேர் என்னைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். நட்டுகள் மண்ணில் சிதறிக் கிடந்தன. அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் ஜாக்கி நழுவிவிட்டது என்று சொல்லியிருக்கிறானாம். ஏன்? உண்மை வெளியே வந்துவிடும் என்ற பயம்தானே.

மார்ச் 19, வியாழன்

முன்சீட்டு அக்காவின் இடது கண் போய்விட்டது.

மார்ச் 20, வெள்ளி

வண்டியைப் பார்க்க டார்ச் வந்தார். நொறுங்கிய வண்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் குந்தி உட்கார்ந்து, சக்கரம் கழன்ற இடத்தில் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். அப்புறம் மற்ற மூன்று சக்கரத்து நட்டுகளையும் வெறும் கையால் திருகினார். எல்லாம் திரும்பின.

"திங்கக்கிழமை நான் பாத்த டயர் இது இல்லையே" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

"நட்டை யாரோ கழட்டியிருக்காங்க சார். எனக்கு ஆள் தெரியும்."

"யாரும் கழட்டலம்மா. இறுக்கவே இல்ல. மத்த பதினஞ்சும் கையால திருகினதோட நிக்குது. யார் இறுக்கணும்?"

யார் இறுக்கணும்? அவர் சும்மாதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைத் திறந்தேன். பதினாறாம் தேதி. 'குனிந்து முதல் நட்டில் மாட்டினேன்.' மாட்டினேன் என்றுதான் இருக்கிறது. இறுக்கினேன் என்று இல்லை. எண்ணினேன் என்றும் இல்லை. 'ஸ்பேனரை உருவி.' 'சாக்கடையில் விழுந்தது.' என் கையெழுத்து. நானே எழுதியது. மூன்று தடவை படித்தேன்.

நான் இறுக்கவில்லை.

நான்தான் இறுக்கல. ஐயோ, நான்தான். அவன் போன் பண்ணினான். மூணு தடவை பண்ணினான். கெஞ்சட்டும்னு எழுதி வச்சிருக்கேன். என்ன பேசி அனுப்பினான்? கேக்காம அழிச்சேன். அதில் என்ன இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா இப்போ? 'அண்ணி, ஸ்பேனர்' - அதைத்தானே சொல்ல வந்தான். வாயை மூட வச்சேன். கையையும்.

மார்ச் 21, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொழுந்தன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து அறைந்தாள். கன்னம் மாற்றி மறுபடியும். "எம் புருஷன் கைய ஒடிச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க?" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் என்னென்னவோ கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் திருப்பி அடிக்காதது அதுதான் முதல் தடவை.

அவனிடம் சொன்னேன். "நட்டை நான் இறுக்கல."

"தெரியும் அண்ணி. ஸ்பேனர் என் காதை ஒட்டித்தானே போச்சு. எனக்குத் தெரியாதா?" என்றான். "அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். நீங்க எடுக்கல. ரெண்டு தெரு தள்ளி வீடு. நடந்து வந்து சொல்லியிருக்கணும். வாசல் மிதிக்காதேன்னு சொன்னீங்களா, நானும் வீம்புக்கு உக்காந்துட்டேன். எப்படியும் காலைல பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

"ஜாக்கின்னு ஏன் சொன்னே?"

"வேற என்னத்தைச் சொல்றது?"

மூன்று விரல் இனி மடங்காதாம்.

மார்ச் 23, திங்கள்

ஷெட்டைத் திறந்தேன். சோதனை செட் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் மூன்றாம் நம்பர் வண்டிக்காரன் நாளைக்கு என்று தன் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான்.

வீட்டிலிருந்து சுத்தியலும் பெரிய ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு போயிருந்தேன். முதல் டயரின் பக்கவாட்டில் வைத்து அடித்தேன். நல்ல டயர், லேசில் இறங்கவில்லை. நாலாவது அடியில் துளைத்தது. காற்று என் முகத்தில் அடித்தது. அப்புறம் கண் மண் தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஆறு, ஏழு ஓட்டை. கத்திக்கொண்டே குத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, தொண்டை இன்னும் எரிகிறது.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். ஸ்டாண்டு செயலாளர், எப்போதும் என்னை "வாம்மா" என்று கூப்பிடுகிறவர், முதலில் அவர்தான் அடித்தார். வாயில் விழுந்தது. அப்புறம் மூன்றாம் நம்பர்க்காரன் வயிற்றில் உதைத்தான், மூக்குக்கு ஈடாக. "பதினேழு குடும்பத்து வயித்துல அடிச்சிட்டியேடி" என்றார் செயலாளர். அழுதுகொண்டே சொன்னார், அடித்துக்கொண்டே. நான் சுருண்டு கிடந்தேன். அடி நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

கீழ்ப்பல் ஒன்று போய்விட்டது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சோதனைக்கூடத்துக்கு நடந்தேன். காவலாளிகள் வாசலிலேயே மறித்தார்கள். டார்ச் உள்ளே விடச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். செட், முறை, ஸ்பேனர், என் கொழுந்தன் கை. ஜாக்கி இல்லை, நான்தான் என்றும்.

"பதினேழு வண்டியுமா?"

"பதினேழும்."

பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நான் டயரைத் தடவிப் பாத்தேன். உங்க முகத்தையும் பாத்தேன்" என்றார். "அன்னிக்கே கேட்டிருக்கணும்." அவர் முகத்தை நான் அப்புறம் பார்க்கவில்லை. மேசை ஓட்டையில் யாரோ மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள்.

ஏப்ரல் 8, புதன்

ஆள் ஏற்றி ஓட்டுகிற உரிமத்தை ஒரு வருடத்துக்கு எடுத்துவிட்டார்கள். ஒடிந்த கையைப் பற்றிப் போலீஸ் கேட்டது. கொழுந்தன் ஜாக்கி என்றே எழுதிக் கொடுத்திருக்கிறான், நான் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு காகிதத்தையும் வைத்துக்கொண்டு ஏட்டு தலையைச் சொறிகிறார்.

முன்சீட்டு அக்காவைப் பார்க்கப் போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. மகளின் பள்ளி சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். நான் காலைத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டார். சிலேட்டில் எழுதித் திருப்பினார்.

'சத்தம் வருதுன்னு சொன்னேன்.'

ஆமாம் என்றேன்.

அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். 'ரேடியோ.'

அதற்கும் ஆமாம் என்றேன். சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்திருக்கலாம். அடி வாங்க எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 27, திங்கள்

பதினாறு வண்டியையும் மறுபடி சோதனைக்கு அழைத்தார்கள். சொந்த டயரோடு. நான்குதான் தேறின. ஸ்டாண்டில் என்னை யாரும் பார்ப்பதில்லை. வீட்டுச் சன்னலில் ஒரு கல். அடுத்த நாள் இன்னொன்று.

மே 11, திங்கள்

வெள்ளை வண்டியை உடைக்கிற இடத்துக்குக் கொடுத்தேன். நசுக்கும்போது நின்று பார்த்தேன். வெல்டிங் பண்ணின இடம் மட்டும் கடைசி வரைக்கும் மடங்கவில்லை.

மே 25, திங்கள்

தொழிற்சாலையில் வேலை கேட்டேன். மேனேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். விரிசல் பொறுக்குகிற மேசையில் போட்டிருக்கிறார்கள். முன்சீட்டு அக்காவின் இடம். வேண்டாம் என்று சொல்லப் போனேன். அவரேதான் என்னைப் போடச் சொன்னாராம், சிலேட்டில் எழுதி.

எதற்காக? இரக்கமா, தண்டனையா? கேட்கத் தைரியம் இல்லை.

ஜூன் 1, திங்கள்

ரூட் இப்போது கொழுந்தனுடையது. வெளி ஆள் யாரும் எடுக்கவில்லை. நீல வண்டிக்கு நான்கு புது டயர் போட்டுத் தேறிவிட்டான். ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான், கியர் போடுகிறான். ஸ்பேனரை மட்டும் அவனால் இறுக்கிப் பிடிக்க முடியாது. ஓரகத்தி ஸ்பேனர் மேல் ஏறி நின்று இறுக்குகிறாள்.

நானும் அதே வண்டியில்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. இன்று முதல் நாள். ஏறினேன். பேச்சு நின்றது. பின்சீட்டில் ஓர் ஓரம் விட்டார்கள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஜூன் 15, திங்கள்

காலையில் பஞ்சர். கொழுந்தன் தன் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு நிறுத்தியிருந்தான். மற்ற பத்துப் பேரும் ரோட்டோரம் நின்றார்கள். ஓரகத்தி தாய்வீடு போயிருக்கிறாள். ஸ்டெப்னியை மாட்டி, இடது கையால் ஐந்து நட்டையும் திருகிவிட்டு, ஸ்பேனரைப் பிடித்துப் பார்த்தான். கை வழுக்கியது. மறுபடி பிடித்தான். வழுக்கியது. ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை, கேட்டோரம் நின்றேன்.

நிமிர்ந்து ஸ்பேனரை என் பக்கம் நீட்டினான்.

"நீங்க இறுக்குங்க அண்ணி."

"உன் வண்டி நட்டுடா."

"அதனால என்ன? இறுக்குங்க."

ஜாக்கியை இறக்கினான். மண்டியிட்டேன். ஐந்தையும் இறுக்கினேன். பிறகு எழுந்திருக்காமல் அடுத்த சக்கரத்துக்குப் போனேன், அதற்கடுத்ததற்கும். இருபதையும் இறுக்கி, வாய்விட்டு எண்ணினேன். யாரும் சிரிக்கவில்லை.

அவன் என் பின்னாலேயே வந்து, இடது கையால் ஒவ்வொரு நட்டாகத் திருகிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. அப்படியும் இருபதையும் பார்த்தான். எனக்குக் கோபம் வரவில்லை.

முன்சீட்டில் யாரும் உட்காருவதில்லை. இன்றும் காலியாகத்தான் இருந்தது. நான் பின்னால் என் ஓரத்துக்குப் போனேன். அந்தப் பதினெட்டு வயதுப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடம் இல்லாததாலா என்று தெரியவில்லை. பாலம் வந்தது. அவனுடைய மடங்காத கை ரேடியோப் பக்கம் போயிற்று.

"வேண்டாம் தம்பி" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டான். சரிவு முழுக்கச் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறங்கினோம்.